போர்வை துடைத்த தடம்

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு வடிவம்மாளுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. விருத்தாசலத்தில் மிட்டாய்க்கடை வைத்து, விற்றது போக மிச்சத்தைத் தாமே தின்று வளர்த்த உடம்பு மாசிலாமணியுடையது. அம்மாளோ காய்ந்த முருங்கைக்காய். இந்த இருவரும் இமயத்தில், ஆனி பிறக்காமல் ஆட்டிடையர்கூட ஏறாத ஒரு கணவாயைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது வைகாசிதான் நடந்தது.

சீடராக இருப்பதில் மாசிலாமணிக்கு ஒரு கொள்கை உண்டு. குரு மிதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்க மாட்டார். அம்மாளின் சின்னச் சுவடுகளுக்குள் தம் பெரிய பாதத்தைச் செருகிச் செருகியே மூன்று நாளாக நடந்தார். ஊன்றுவதற்குக் கொடுத்த கம்பைத் தோளில் போட்டு, அதில் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்.

"கம்பால தட்டிப் பாத்து, உங்களுக்குத் தோதான இடத்துல மிதிங்கய்யா" என்று அம்மாள் முதல் நாளே சொன்னாள். மறுநாளும் சொன்னாள். மாசிலாமணி இரண்டு தடவையும் கைகூப்பினார். குருமார் அப்படித்தான் தன்னடக்கமாகச் சொல்வார்கள், நல்ல சீடன் அதற்கெல்லாம் மசியக் கூடாது என்பது அவர் எண்ணம். சொன்ன பேச்சைக் கேட்பதைவிட அது பெரிய பக்தியாகப் பட்டிருக்கிறது. என்னத்தைச் சொல்ல.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவரே கேட்டார். "அம்மா, உங்க சுவட்டை விடாமப் புடிச்சுட்டு வந்தா, நானும் வந்து சேந்துடுவேன்ல?"

அம்மாள் அவருடைய காலைப் பார்த்தாள். அவர் நின்றதும் அவள் சுவட்டில்தான். திரும்பி நடந்தாள்.

சற்று நேரத்தில் ஓடை வந்தது. ஓடை என்று பேர்தானே தவிர, ஆளை உருட்டிக்கொண்டு போகிற தண்ணீர். குளிர்காலத்தில் விழுந்த பனி அதன்மேல் இறுகி ஒரு பாலமாகக் கிடந்தது. அதன்மேல் இரவு பெய்த புதுப்பனி அரிசிமாவு சலித்த மாதிரி படிந்திருந்தது. முப்பது அடி தூரம் இருக்கும். அடியில் தண்ணீர் போட்ட இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது.

திரும்பிப் போகவும் வழியில்லை. முந்தின நாள் இறங்கிய சரிவு அவர்கள் கண் முன்னாலேயே இடிந்து விழுந்திருந்தது. பையில் இரண்டு கைப்பிடி மாவுதான் மிச்சம். அக்கரையில் அரைநாள் நடந்தால் ஊர். எதிர்மலை உச்சியில் பட்ட வெயில் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது பாலத்தைத் தொட்டால் பனி இளகிவிடும்.

அம்மாள் தோளிலிருந்த கம்பளிப் போர்வையை எடுத்தாள். அதன் இரண்டு முனையையும் இடுப்பில் முடிந்துகொண்டாள். மீதிப் போர்வை பின்னால் அகலமாகப் புரள, பாலத்தில் ஏறிக் கம்பால் தட்டித் தட்டி நடந்தாள். அவள் வைத்த அடிகளையெல்லாம் போர்வை துடைத்துக்கொண்டே போயிற்று.

அக்கரையில் அவள் திரும்பி நின்றபோது பனியில் ஒரு பாய் அகலத்துக்கு மொழுமொழுவென்று தடம் கிடந்தது. சுவடு ஒன்றுகூட இல்லை.

எங்கே மிதிக்கட்டும் என்று மாசிலாமணி தொண்டை கிழியக் கத்தினார். இரைச்சல் அதை அப்படியே விழுங்கிவிட்டது. குனிந்து பார்த்தார், மண்டியிட்டும் பார்த்தார். ஒரு விரல் பதிவாவது கிடைக்காதா என்று தேடினார். இந்த அம்மாளை நம்பிக் கடையையும் பிள்ளைகளையும் விட்டு வந்தேனே, இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. வெயில் எதிர்க்கரைப் பாறை வரைக்கும் வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் தோளிலிருந்து கம்பை இறக்கினார். மூட்டையை முதுகில் கட்டினார்.

ஒரு தட்டு, ஓர் அடி. எது கெட்டி, எது பொள்ளல் என்றே முதலில் புரியவில்லை. நாலைந்து அடிக்கு அப்புறம் பிடிபட்டது. கெட்டியான இடம் தட்டினால் கம்பைத் திருப்பி உதைத்தது. பாதித் தூரத்தில் உதைக்கவில்லை. கம்பு கைப்பிடி வரைக்கும் சரேலென்று உள்ளே இறங்கிற்று. உருவிய துளையில் கறுப்பாகத் தண்ணீர் ஓடுவது தெரிந்தது.

முருகா என்று நின்றுவிட்டார். அப்புறம் கம்பை இடப்பக்கம் நீட்டித் தட்டினார். தடத்துக்கு வெளியே, யாரும் மிதிக்காத புதுப்பனி. கம்பை நன்றாகத் திருப்பி உதைத்தது. அந்தப் பக்கமாகவே சுற்றி, தட்டித் தட்டி, ஒரு வழியாக அக்கரையில் போய் விழுந்தார்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். ஓடையை விட்டு நூறடி மேலே, பேச்சு கேட்கிற இடத்துக்கு வந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாச் சுவட்டையும் அழிச்சுட்டீங்களேம்மா. நடுவுல ஒரு இடத்துல கம்பு முழுசா உள்ள போச்சு. தெரியாம அங்க கால வெச்சிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்?"

அம்மாள் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். மூன்று தடவை இழுத்தும் முடிச்சு அவிழவில்லை.

"அந்த இடம் எனக்குத் தெரியும்யா, என் கனத்துக்கே அமுங்கிச்சு" என்றாள். "நான் அங்கதான் மிதிச்சேன்."