எல்லைக்கு வெளியே ஒரு குடிசை

வெகுகாலத்துக்கு முன்னால் கருவேங்கை நாட்டைக் குலமாணிக்கன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்ன ஆண்டான், ஆட்டிவைத்தான். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையில் ஊர் ஏரியைத் தன் யானைகளுக்கு ஒதுக்கிவிட்டான். "யானை குளிக்குது, எங்க பிள்ளை சாகுது" என்று சந்தையில் சொன்னாள் உப்பு விற்கும் சாத்தி. அன்றே அவளைச் சிறையில் போட்டார்கள்.

அவள் தலையை வாங்கத்தான் ராஜாவுக்கு ஆசை. ஆனால் முன்னோர் நட்ட சாசனக் கல் குறுக்கே நின்றது. 'ஊருக்குள் வாழும் எவரையும் அந்த ஊர்மன்றம் விசாரிக்காமல் கொல்லக் கூடாது' என்பது அதன் முதல் வரி. அதை மாற்ற எல்லா ஊர்களும் சம்மதிக்க வேண்டும்.

"முதல் வரியை ஏன் தொட வேண்டும், பிரபு?" என்றார் தென்னவராயர். அமைச்சர் கலியனாரின் இடத்துக்கு நெடுநாளாக அடிபோட்டுக்கொண்டிருந்தவர். "ஊர் எல்லையை இந்த அரசவையே சாதாரண ஆணையால் மாற்றலாம் என்று அதே கல்லில் கீழே இருக்கிறதே! சாத்தியின் குடிசையை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டால் அவள் எந்த ஊர்க்காரி?"

ராஜா மணியை அடித்தான். மணி அடித்தால் கை தூக்குவது அந்தச் சபையின் வழக்கம். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. கைகள் உயர்ந்தன. குடிசைக்கு அப்பால் இருந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி இப்பால் நட ஆள் போயிற்று.

கலியனார் எழுந்தார். எதிர்த்துப் பேசினால் அவர் தலையும் போகும்.

"அருமையான யோசனை! அப்படியே இன்னொரு எல்லை ஆணையையும் முடித்துவிடலாமே, மகாராஜா" என்றார்.

ராஜா குஷியில் மறுபடி மணியை அடித்தான். கைகள் உயர்ந்தன.

"இந்த அரண்மனையும் இனி எந்த ஊருக்குள்ளும் இல்லை" என்றார் கலியனார்.

"அதனால் என்ன?"

"ஒன்றுமில்லை. தங்களையும் இனி விசாரிக்காமல் வெட்டலாம். அவ்வளவுதான்."

சேனாதிபதியின் கை வாள்பிடியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். இன்றுதான் அது ராஜாவின் கண்ணில் பட்டது. அவசரமாக மணியடித்து இரண்டு ஆணைகளையும் ரத்து செய்தான்.

சாத்தியையும் விடச் சொன்னான்; அவள் வீடு திரும்பினாள். பிடுங்கிய எல்லைக்கல்லைத் தென்னவராயர் தலையில் சுமந்துபோய், சந்தையே பார்க்க, பழைய இடத்தில் நட்டார்.

"என்ன பரிசு வேண்டும், கலியனாரே?"

"எந்த ஆணையையும் வாசித்துக் காட்டிய பிறகே மணி அடிக்க வேண்டும், மகாராஜா."

"அதைப் பிறகு பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டான். போடும்போது அவன் முழங்கை மணியில் இடித்தது.

சபையில் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

கலியனார் மாலைக்குள் இருந்த தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.