வாத்துக்காரன் மவன் தளபதியான கதை

மலைக்கு அந்தாண்ட, கடலுக்கும் அந்தாண்ட, சீனா சீனான்னு ஒரு தேசம். அங்க ஆத்தங்கரையில தாவ் லின்னு ஒருத்தன் இருந்தான். அவன் அப்பா வாத்து மேய்ச்சாரு, தாத்தா வாத்து மேய்ச்சாரு, தாத்தாவுக்கு அப்பாவும் வாத்துதான் மேய்ச்சாரு. இவன் மட்டும் கோலைப் போட்டுட்டுப் பட்டாளத்துக்குப் போயிட்டான். போனானா, லாயத்துல சாணி அள்ளினான், அப்புறம் வேல் பிடிச்சான், அப்புறம் எதிரிங்க வந்தப்ப மலைக் கணவாயில தனியா நின்னு ராஜா உசிரையே காப்பாத்தினான். ராஜா அவனைத் தளபதியாக்கிட்டாரு.

அந்தப் பதவி தன் மச்சானுக்குக் கெடைக்கலையேன்னு வயிறெரிஞ்சான் கோ சென்னுங்கிற மந்திரி. தளபதி காதோரமா வந்து, "வாத்துக்காரன் மவன்னு தெரிஞ்சா சபையில சிரிப்பாங்க. பெரிய வம்சம்னு சொல்லிடுங்க"ன்னான்.

நம்ம ஆளு சண்டையில சிங்கம், மத்ததுல கொஞ்சம் மண்டு. ராஜாகிட்ட போயி, அப்பா சேனாதிபதி, தாத்தா சேனாதிபதி, தாத்தாவுக்கு அப்பாவும் சேனாதிபதின்னு அள்ளி விட்டான். வாயிதானே, காசா பணமா!

உடனே மந்திரி ராஜாகிட்ட, "அவ்வளவு பெரிய வம்சத்தோட வீட்டை ஒருதரம் பாத்துட்டு வரலாமே மகாராஜா"ன்னான். ராஜாவும் பல்லக்கு ஏறிட்டாரு, மந்திரியும் கூடவே கெளம்பிட்டான். ராஜாகிட்ட பொய் சொன்னா தலை போயிடும், தெரியுமில்ல? தளபதி குதிரையை விரட்டிக்கிட்டு முன்னாலயே வீட்டுக்கு ஓடினான்.

"மோசம் போயிட்டேம்மா"ன்னு எல்லாத்தையும் சொன்னான்.

"அடப்பாவி! நரி வந்தா மரத்துல ஏறிக்கிற மனுசன்டா உங்க தாத்தா! அவரையா சேனாதிபதின்னே?"ன்னு அம்மா தலையில அடிச்சுக்கிட்டா.

அதுக்குள்ள பல்லக்கு வந்துருச்சு. ராஜா எறங்கினாரு. வாசலெல்லாம் வாத்து.

"இந்தம்மா யாரு?"ன்னு கேட்டாரு.

தளபதி வாயைத் தொறக்கறதுக்குள்ள அம்மா முந்திக்கிட்டா. "நான் வேலைக்காரி சாமி. தளபதியைப் பெத்த மகராசி செத்து ரொம்ப நாளாச்சு."

மவன் தலை தப்பணுமேன்னு, தானே செத்துட்டதாச் சொல்லிட்டா பாருங்க! எதிரி வேலுக்கே கலங்காதவன் தேம்பித் தேம்பி அழுதான். தொபுக்குன்னு அம்மா கால்ல விழுந்து, "மகாராஜா, இவங்கதான் என்னைப் பெத்தவங்க. நான் சொன்னதெல்லாம் பொய்யி. வாத்துக்காரன் மவன்தான் நான். என் தலையை எடுத்துக்கங்க, எங்கம்மா தன்னை வேலைக்காரின்னு சொல்றதை மட்டும் என்னால கேக்க முடியாது"ன்னான்.

மந்திரி குதிச்சான். "எனக்கு அப்பவே தெரியும் மகாராஜா! வெட்டுங்க தலையை!"

ராஜா மெதுவாத் திரும்பினாரு. "அப்பவே தெரியுமா? அப்ப அங்கயே சொல்றதுதானே? இவ்வளவு தூரம் என்னை ஏன் இழுத்துட்டு வந்தே?"

மந்திரி பல்லக்குக்குப் பின்னால நழுவப் பாத்தான்.

"சாமி, இவ்வளவு பெரிய பொய்யைக் கட்ட என் மவனுக்கு மூளை பத்தாது. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேளுங்க"ன்னா அம்மா. தளபதி அழுதுக்கிட்டே மந்திரியைக் கை காட்டினான்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "தளபதி, சபையில உங்கம்மாவை என் பக்கத்துல உக்கார வச்சு, மூணு தலைமுறையும் வாத்துதான்னு உன் வாயாலயே சொல்லணும். அதான் உனக்குத் தண்டனை. மந்திரி, நீ இங்கயே இருந்து வாத்து மேய்"ன்னுட்டாரு.

மேய்ச்சானே! வலப்பக்கம் போன்னா வாத்து இடப்பக்கம் போகுமாம், இடப்பக்கம் போன்னா ஆத்துல எறங்குமாம், நில்லுன்னா இவன் காலையே கொத்துமாம். ராஜாவை ஏமாத்தலாம், வாத்தை ஏமாத்த முடியுமா?

பெத்தவளை ஒளிச்சு வச்சு வாங்குற பவுசு நமக்கு வேண்டாம் கண்ணுங்களா. கதை ஆத்தங்கரையில ஏறிருச்சு, நீங்க பாயில ஏறுங்க.