எட்டு நாள் நிற்காத பாட்டு

எங்கள் பேண்டுக்கு எட்டாங்கொடை என்று பேர். ஊர்க் கோயிலில் கொடைத் திருவிழா முடிந்த எட்டாம் நாள் சின்னதாக ஒரு பூசை வைப்பார்களே, அந்த எட்டாங்கொடைதான். கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிற கூட்டத்துக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்று சுடலைமுத்து அண்ணாச்சியிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்கு ரிகர்சல் கிடையாது.

போன சனிக்கிழமை பிரிசில்லா கேட்டுவிட்டாள். எங்கள் பழைய பாட்டுகளை ஒரு கம்பெனி மறுபடி வெளியிடுகிறது. அட்டையில் அச்சடிக்க விவரம் எழுத வந்த பெண் அவள்.

"முதல் பாட்டு 'நிறுத்தாத கொட்டு'. இதுக்கு மட்டும் இசை யாருன்னு எங்கயுமே போடலையே அண்ணாச்சி. யாரு பேரப் போடட்டும்? பேண்டு பேரு எப்படி வந்துச்சுன்னும் சொல்லுங்க."

அந்தப் பாட்டு பிறந்தபோது இருந்தது இரண்டே பேர். டிரம்ஸ் வாசிக்கிற அண்ணாச்சியும் கிட்டார் அற்புதராஜும்தான். நான் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது நாலு வருசம் கழித்து. அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் தன் பேர் அச்சில் வர வேண்டும் என்பதுதான் அண்ணாச்சிக்கு இருபது வருச ஆசை. அற்புதராஜ் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எழுதிக்கோம்மா. ஆவாரங்குறிச்சியில முப்பிடாதி அம்மன் கொடை. நாங்க அப்போ சினிமாப் பாட்டு வாசிக்கிற கச்சேரி குரூப்பு. கச்சேரி சாயந்தரந்தான். உச்சி வேளையில சாமியாட்டம். அதுக்கு வாசிக்க வேண்டிய மேளக்காரங்க வந்த வேன் ஆத்துப்பாலத்துல படுத்துட்டு. நான் சும்மா இருக்காம, செட்டு சரியா இருக்கான்னு ரெண்டு தட்டு தட்டுனேன். அது எந்தக் கொட்டுன்னு நெனைக்க? சாமிய வரவழைக்கிற கொட்டு. அங்கன பந்தல்ல உக்காந்திருந்த சாமியாடி துள்ளி எந்திரிச்சிட்டாரு."

"தெரியாமத்தான தட்டுனீங்க?"

"எனக்குத் தெரியாட்டி என்ன? கைக்குத் தெரியும்லா."

சாமி ஆடத் தொடங்கிவிட்டால் கொட்டை நிறுத்தக் கூடாது. எங்கள் ஊர்ப்பக்கம் கைக்குழந்தைக்கும் அது தெரியும்.

"நிறுத்துனா அம்மன் பாதியில நிப்பா, ஊரு தாங்காது. ஊர்த்தலைவரு கையெடுத்துக் கும்பிடுதாரு. 'ஏ டிரம்ஸு, விட்டுராதப்பா'ங்காரு. கீபோர்டுக்காரன், பாடுதவன் எல்லாம் வாழத்தோட்டத்து வழியா ஓடிட்டானுவ. இவன் ஒருத்தன் நின்னான் பாத்துக்கோ."

"வயரு கால்ல சுத்திக்கிட்டு. ஓட முடியல" என்றார் அற்புதராஜ்.

"சர்ச்சு கொயர்ல வாசிச்ச ஆளு. அவனுக்கு சர்ச்சுப் பாட்டுதான் வரும். அவன் அத இழுக்க, நான் இதக் கொட்ட, ரெண்டும் ஒட்டிக்கிட்டு. பேண்டு பொறந்தது அப்படித்தான்."

"எவ்வளவு நேரம் வாசிச்சீங்க?"

"எட்டு நாள்."

பிரிசில்லாவின் பேனா நின்றுவிட்டது. இந்தக் கதையை நான் முதல்தடவை கேட்டபோது அந்தப் பாட்டு அரைமணி நேரம்தான் ஓடியது. என் கல்யாணத்தில் சொன்னபோது ஒரு பகல் முழுக்க ஓடியது. எட்டு நாள் எனக்கே புதுசு.

"மொத நாளு ஊரே ஆடுச்சி. ரெண்டாம் நாளு பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரு, தொப்பியக் கழத்தி என் தலையில வச்சிட்டு ஆடுனாரு. மூணாம் நாளு, வெட்டக் கட்டிப்போட்டிருந்த கெடா ஆடுச்சி. சாமி வந்த கெடாவ எவன் வெட்டுவான்? இன்னும் உசுரோட இருக்கு."

"இருபது வருசமாவா அண்ணாச்சி?" என்றேன்.

"பேரன் பேத்தி எடுத்துட்டு. நீ ஒன் வேலையப் பாரு. நாலாம் நாளு கரண்டு போச்சிம்மா. கிட்டாரு சத்தம் போகல."

"அதெப்படி?"

"நாலு நாளா பழகிட்டுல்லா. அஞ்சாம் நாளு குச்சி தேஞ்சி தீக்குச்சியா ஆயிட்டு. ஊருல உள்ள புளியங்கொம்பெல்லாம் ஒடிச்சிக் குடுத்தாங்க. ஏழு மரம் மொட்டை. ஆறாம் நாளு பாசஞ்சர் ரயிலு ஊரத் தாண்ட மாட்டேங்கு. முன்னால ஒரு அடி, பின்னால ஒரு அடி வச்சி நின்ன எடத்துலயே ஆடுது. ஏழாம் நாளு பக்கத்து ஊர்ச் சாமியெல்லாம் நடையச் சாத்திட்டுக் கெளம்பி வந்துட்டு. மூணு ஊர்ல பூசாரி இருக்காரு, சாமி இல்ல."

அவர் தண்ணீர் குடித்தார்.

"எட்டாம் நாளு, எட்டாங்கொடை அன்னைக்கு, வேன் சரியாகி மேளக்காரங்க வந்து எறங்குனாங்க. அவங்க கொட்ட எடுத்துக்கிட, பாட்டு நின்னுது. பேண்டுக்குப் பேரு அப்படி வந்தது. இப்போ நீயே சொல்லு தாயி, யாரு பேரப் போடணும்?"

பிரிசில்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு 'இசை:' என்று எழுதி, 'சு' வரைக்கும் வந்துவிட்டாள். அப்போதுதான் அற்புதராஜ் கிட்டாரைக் கீழே வைத்தார்.

"அவன் சொன்னதுல ஒரு பொய் கெடையாதும்மா. ஒண்ண மட்டும் விட்டுட்டான். சாமி மொதல்ல வந்தது இவனுக்குத்தான். ரெண்டு தட்டு தட்டுனதும் குச்சியப் போட்டுட்டு எறங்கி ஆடுனவன், எட்டு நாளும் மேடைக்கு வரல."

"அப்போ டிரம்ஸ் வாசிச்சது யாரு?"

"ஸ்டூல்ல ஆள் இல்ல. குச்சி மட்டும் தன்னால ஏறி எறங்குது. நான்தான பக்கத்துல நின்னேன். அம்மன் பேரப் போட்டுருங்க. அதுதான் நியாயம்."

அண்ணாச்சி வசமாக மாட்டிக்கொண்டார். இல்லை என்றால் எட்டு நாளும் இல்லை என்றாகிவிடும். ஆமாம் என்றால் பேர் போய்விடும். அம்மனோடு எப்படி வழக்காடுவது? எனக்கே பாவமாக இருந்தது. பிரிசில்லா 'சு'வை அடித்துவிட்டு, 'முப்பிடாதி அம்மன்' என்று நிதானமாக எழுதினாள்.

அண்ணாச்சி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்து வந்து, அந்தப் பேருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"இருக்கட்டும்மா. வாசிச்சது அவதான், நான் இல்லங்கல. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு வரி மட்டும் போட்டுரு. அம்மனுக்கு டிரம்ஸ் சொல்லிக் குடுத்தது, சுடலைமுத்து."