குசினி ஜன்னல்

சூசையப்புவுக்கு எழுபது வயது. அவருக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த சிவகாமிக்கு முப்பத்தாறு. இவர் "குருவே" என்பார்; குரு "அண்ணே" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

முப்பது வருடத்துக்கு முன் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர் சூசையப்பு. அங்கே கரையில் மீன் ஏலம் கூறினவர். அந்தக் குரலும் கோபமும் இன்னும் இறங்கவில்லை. போன வருடம் அகதி முகாமில் மனைவி லூர்தம்மா படுத்த படுக்கையானாள். "கண்ணை மூடமுந்தி எங்கட வீட்டை ஒருக்கா பாக்கோணும்" என்றாள். வீடோ குண்டு விழுந்து மண்ணாகிவிட்டது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. அதற்காகத்தான் அந்த வயதில் தூரிகை பிடிக்க வந்தார்.

ஆறு மாதம் கற்றார். எட்டு முறை வீட்டை வரைந்து கொண்டுபோய்க் காட்டினார். எட்டாவது படத்தைச் சுருட்டி எடுத்து வந்து குருவின் முன்னால் எறிந்தார்.

"வடிவா இருக்காம். இது ஆற்ற வீடு, எங்கட இல்லையே எண்டு கேக்கிறாள்! நீ படிப்பிச்சது பிழை."

குரு படத்தை விரித்துப் பார்த்தார். ஓட்டுக்கூரை, முற்றம், இரண்டு பனை, வேலியில் படலைக் கதவு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எங்க நின்னு பாத்த மாதிரி வரைஞ்சீங்க?"

"படலையில நிண்டுதான். கரையால வரேக்க அங்கயிருந்துதானே வீட்டைப் பாப்பன்."

"அவங்க எங்கயிருந்து பாத்தாங்க?"

"அவள் எங்க வெளிய வந்தாள்? எந்த நேரமும் குசினிதான்."

"அந்த அடுப்படி ஜன்னல்ல என்ன தெரியும்?"

சூசையப்பு குனிந்து படத்தில் அந்த ஜன்னலைத் தேடினார்.

"அந்த வீட்டில பதினெட்டு வருசம் அவள் கையால திண்டனான்" என்றார். "உள்ள போய் இருந்ததில்லை."

குரு எழுந்து போய்த் தன் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து நீட்டினார்.

"வண்ணமெல்லாம் இங்கேயே கிடக்கட்டும். அவங்க சொல்லச் சொல்ல வரைங்க."

"புகை பிடிச்ச சுவர் வீடாகுமோ? முன்பக்கத்தையும் கொஞ்சம் சேத்து..."

"பேரம் பேசாதீங்க, அண்ணே."

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். அன்றுதான் குரு அவருடைய தாழ்ந்த குரலை முதல்முறை கேட்டார்.

"நேற்று அடக்கம் முடிஞ்சுது."

காகிதத்தைத் தரையில் விரித்தார். கரியேறிய சுவர். உறி தொங்கும் கயிறு. சின்ன ஜன்னல். அதற்குள் விரலளவு படலை. படலையைத் தள்ளிக்கொண்டு, தோளில் துவாயோடு, நெல்மணி அளவில் ஒரு ஆள்.

"பத்து நாளும் 'இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு' எண்டுகொண்டே இருந்தாள். இந்த ஆளைக் கீறினாப் பிறகுதான் 'இது எங்கட வீடு' எண்டாள். பேந்து அதிலயிருந்து கையை எடுக்கேல்லை."

படத்தில் அந்த ஆளைத் தொட்டுக் காட்டினார்.

"முகம் மிச்சம். எப்பிடிக் கீறிறது எண்டு கேக்கமுந்திப் போயிட்டாள். நீயே முடிச்சுத் தா, குருவே."

கரித்துண்டை நீட்டினார். குரு வாங்கவில்லை.

"அவ்வளவு தூரத்துல முகம் தெரியாது, அண்ணே. நடைய வெச்சுத்தான் நீங்கன்னு கண்டுபிடிச்சிருப்பாங்க."