உறங்கப் போன ஆறும் ஆலைக்காரியின் ஆட்டமும்

அந்தக் காலத்தில் ஆறும் ஆடும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. மேற்கே கடலோரம், மழை ஓயாத கலீசியா நாட்டில், தோரிந்தா என்பவள் ஆற்றங்கரையில் மாவு ஆலை நடத்தி வந்தாள். ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் அரைகல்லைச் சுழற்றும். அந்த மாவை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் அடுப்பு எரிந்தது.

ஒரு வருஷம் குளிர் பொல்லாததாக வந்தது. ஆறு கொட்டாவி விட்டது.

"தோரிந்தா, எனக்குக் கண் சொக்குகிறது. உறைந்து உறங்கப் போகிறேன். வசந்தத்தில் எழுப்பு."

"அதுவரைக்கும் எங்கள் பிள்ளைகள் எதைத் தின்னும்?"

"சத்தம் கேட்டால் எனக்கு உறக்கம் வராது. ஆனால் உன்னால் எவ்வளவு நேரம் சத்தம் போட முடியும்? போய்ப் படு."

"நீ எப்படி உறங்குகிறாய் என்று பார்த்துவிடுகிறேன்" என்றாள் தோரிந்தா.

ஆற்றின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு ஏறினாள். மாவு அள்ளும் சிப்பி ஓடுகள் இரண்டையும் ஒன்றோடொன்று உரசினாள். சக்கரம் சுழலும் தாளத்துக்குக் குதிகாலால் பலகையை மிதித்தாள். பலகையில் பனி படிந்து வழுக்கியது. விழாமல் நிற்க இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டாள்.

அவளுடைய கிழட்டு ஆட்டுக்கிடா கரைக்கு வந்தது. "நீ மூச்சு வாங்கும் நேரத்தில் ஆறு கண்ணயர்ந்துவிடும். இடைவெளி விடாமல் நான் கத்துகிறேன்" என்று சொல்லி, ஒரே சுரத்தில் நீளமாகக் குரலெடுத்தது.

தானிய மூட்டையோடு வந்த பக்கத்து வீட்டு ஃபருக்கோ பதறினான். "ஆற்றோடு மல்லுக்கு நின்று யார் ஜெயித்தது? தவறி விழுந்தால் பிணம்தான் மிஞ்சும். இறங்கு!"

"நான் இறங்கினால் உன் மூட்டை மூட்டையாகவே கிடக்கும். நீ ஏறு!"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பலகையில் ஏறி, கைகளைத் தூக்கி எதிரே நின்று மிதித்தான். பிறகு ஊரே முறை வைத்துக்கொண்டு ஆடியது. கிடா மட்டும் தன் முறையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் கத்திக்கொண்டே இருந்தது. ஆலை நிற்காமல் அரைத்தது. எந்த வீட்டிலும் பிள்ளை பசியில் சாகவில்லை.

கரையோர மரங்கள் துளிர்த்த காலையில், "தோற்றுப்போனேன், தோரிந்தா" என்றது ஆறு. கிடா அவள் மடியில் சாய்ந்தது. அதன் குரல் கரகரத்துத் தேய்ந்திருந்தது.

"என் தோலைப் புதைத்துவிடாதே. அதில் காற்றை நிரப்பி வை. அடுத்த குளிருக்கும் நான் வேண்டுமே."

சொல்லி முடித்ததும் கிடாவின் உயிர் பிரிந்தது. தோரிந்தா அழுதாள். அழுதுகொண்டே அது சொன்னபடி தோலைப் பையாகத் தைத்தாள், குழல் பொருத்தினாள், ஊதினாள். அதே குரல் வந்தது.

அன்று முதல்தான் கலீசியாவில் முய்ஞெய்ரா என்னும் ஆலைக்காரி ஆட்டம் ஆடுகிறவர்கள், உலர்ந்த தரையில் நின்றாலும், பனிப் பலகையில் நிற்பதுபோலக் கைகளை உயரத் தூக்கியே ஆடுகிறார்கள். பக்கத்தில் தோல்பைக் குழல் இடைவெளி விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.