எட்டு அரைக்கால் காசும் ஒரு முழுக்காசும்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் பொக்கிஷக்காரர் சிதம்பரலிங்கம். அதைச் சொல்லிவிட்டுத்தான் ராஜாவிடம் வருவேன்.

ஆழிக்கரை நாட்டை உத்தண்டராயர் ஆண்ட காலம் அது. ஒரு முழுத் தங்கக்காசு கட்டினால் ஓர் உப்புப் பாத்தி ஆயுள் முழுக்கச் சொந்தம் என்று ராஜா சொல்லியிருந்தார். நான் பிறர் பாத்தியில் உப்பு வாருகிறவன். முழுக்காசுக்குப் பணம் என் கையில் ஒருநாளும் சேராது. அதனால் எட்டு சேர்ந்தால் ஒரு முழுக்காசாகும் அரைக்கால் காசை வருஷத்துக்கு ஒன்றாக வாங்கினேன். முழுக்காசு வாங்குகிறவன் காசடிக்கும் அச்சுக்கூலி ஒரு தடவை கொடுப்பான். நான் எட்டுத் தடவை கொடுத்தேன்.

எட்டும் சேர்ந்ததும் கொண்டுபோனேன். பொக்கிஷக்காரர் தராசில் கொட்டினார்.

"ஒரு குன்றிமணி குறைகிறதே, கிழவா."

"எட்டு வருஷம் ஒரே முடிச்சில் கிடந்தது, ஐயா. ஒன்றோடு ஒன்று உரசித் தேய்ந்திருக்கும்."

"தேய்ந்தது உன் பாடு. எட்டுச் சில்லும் ஒரு முழுக்காசு ஆகாது."

அன்றைக்கே அவர் மைத்துனன் ஒரு முழுக்காசை வைத்தான். மிச்சமிருந்த ஒரே பாத்தி அவனுக்குப் போனது.

நான் சபையில் போய் அழுதேன். ராஜாவுக்கு அன்று பொழுது போகவில்லை. "எட்டுச் சில்லா, முழுக்காசா, எது உசத்தி என்று காட்டு. காட்டாவிட்டால் இருபது கசையடி" என்றார்.

மந்திரி கோதண்டம் எழுந்தார். "மகாராஜா, இரண்டு பேரையும் ஆள் தெரியாத சந்தையில் மூன்று நாள் விடுவோம். பொக்கிஷக்காரர் கையில் ஒரு முழுக்காசு, கிழவன் கையில் அவனுடைய எட்டு. கடனும் கூடாது, பிச்சையும் கூடாது."

"மூன்று நாளா? முப்பது நாள் இருப்பேன்" என்றார் பொக்கிஷக்காரர்.

சந்தையில் பேச்சாயி என்றொருத்தி கூழ் விற்றாள். நான் ஓர் அரைக்கால் காசு கொடுத்தேன். அக்கம்பக்கத்துக் கடைகளில் மாற்றி, மூன்று நாள் கூழுக்குப் போக மீதியைத் தந்தாள். பொக்கிஷக்காரர் முழுக்காசை நீட்டினார். அவள் அதைத் தொடவில்லை.

"இதுக்குச் சில்லறை தர என் கடையை வித்தாலும் காணாது, சாமி. மீதி வேண்டாம்னா குடிச்சிட்டுப் போங்க."

அவருக்கு மனம் வரவில்லை. மந்திரி சொல்லி அனுப்பியபடி நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்று வேளையும் குடித்தேன். மூன்றாம் நாள் நடுப்பகலில் அவர் என் பக்கம் நகர்ந்தார்.

"ஒரு காசு கொடப்பா."

"பிச்சை கூடாதே, ஐயா. முழுக்காசைக் கொடும், ஒன்று தருகிறேன்."

"ஒன்றா? ஏழு இருக்கிறதே."

"தேய்ந்த காசு. உமக்கு எதற்கு ஏழு?"

வாய்க்குள் திட்டிக்கொண்டே கொடுத்தார். கூழை வாங்கி நின்றபடியே குடித்தார்.

சபையில் இதைக் கேட்டு ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரிக்கு முத்துமாலை. பொக்கிஷக்காரர் தண்டனையாகக் கூழ்ப்பானையைத் தலையில் வைத்துச் சபையை மூன்று சுற்று வந்தார். அவர் கண்ணில் தண்ணீர். நான் இரங்கவில்லை.

பிறகு முழுக்காசை ராஜா காலடியில் வைத்தேன். "இது எடை குறையாது, மகாராஜா. என் பாத்தி?"

"அது முத்திரை வைத்துக் கொடுத்தாயிற்றே. மைத்துனன் ஆயுள் முடியட்டும், அடுத்தது உனக்குத்தான். என்ன, மந்திரியாரே?"

மந்திரி முத்துமாலையைச் சரிசெய்துகொண்டு, "மகாராஜா வாக்கு" என்றார்.

மைத்துனனுக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு அறுபத்தொன்று. இப்போது அவனிடம்தான் கூலிக்கு உப்பு வாருகிறேன். என் பாத்தியில். அது எனக்கு வரவேண்டியது. இன்னும் வரவில்லை.