கட்டளைக் கயிறு

வேங்கூர் அரண்மனையில் எல்லா வேலையும் பூதம்தான். அது நிலவறையில் இருக்கும். மேலே கூடத்துக்குக் கூடம் ஒரு கயிறு தொங்கும். மூன்று இழுப்பு, நிறுத்தி ஒன்று இழுத்தால், சாப்பிட்ட இலையை எடுக்கும். ஒன்று, நிறுத்தி மூன்று என்றால், கூடத்தில் இருக்கிற அத்தனையையும் வாரிக் குளத்தில் கொட்டிவிடும். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காது. அப்படி ஒரு அடக்கமான பூதம்.

இளவரசி கல்யாணத்தில் சமையல்கார அஞ்சலை மாற்றி இழுத்துவிட்டாள். சோறு, சாம்பார், சம்பந்தி எல்லாம் குளத்தில். "பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போ" என்றார் ராஜா.

அரண்மனை விகடகவி மாசிலாமணிக்கு ஒரே கவலை. இனி யார் கையால் அடை சாப்பிடுவது? அஞ்சலை காதில் ஏதோ முணுமுணுத்து அனுப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சபைக்குள் வந்தார்.

"கயிற்றில் கோளாறே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார் கயிற்று மந்திரி கூத்தாண்டராயர். "நானூறு ஓலையில் விவரமாக எழுதியிருக்கிறேன். படித்திருக்க வேண்டும்."

"ஓலை எங்கே ஐயா?"

"என் வீட்டுப் பரணில்."

"சரிதான். ராஜா முன்னால் இலை எடுக்கும் கட்டளையை நீங்களே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். ஆனால் கல்யாணப் பந்தியில் அஞ்சலையைச் சுற்றி நாற்பது பேர் ரசம் கேட்டார்கள். நாங்களும் கேட்போம்."

"தாராளமாக" என்று ராயர் கயிற்றைப் பிடித்தார்.

சபையே கத்தக் கிளம்பிவிட்டது. "ரசம் இங்கே!" "எனக்கு அப்பளம்!" "மந்திரி ஐயா, உங்கள் மருமகன் சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றார் ராயர். எண்ணிக்கை போயிற்று. ஒன்று இழுத்தார், யோசித்தார், மூன்று இழுத்தார்.

பூதம் கேள்வி கேட்கவில்லை. சிம்மாசனம், சபை, ராஜா எல்லாம் தொப்பென்று குளத்தில் விழுந்தன.

ராஜாவுக்குக் கழுத்தளவு தண்ணீர். கிரீடத்தில் தாமரைக் கொடி. கரையில் மூட்டை முடிச்சோடு அஞ்சலை நின்றாள். மாசிலாமணி சொன்னபடியே கிணற்றுக் கயிறும் கையில் இருந்தது. அவள் அதை வீசினாள். கயிற்றைக் கண்டதும் ராஜா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அடியே, இதை எத்தனை தடவை இழுக்கணும்?"

"நீங்க ஒண்ணும் இழுக்க வேணாம் மகாராஜா. சும்மா பிடிச்சுக்குங்க. உங்களைக் கேட்டுட்டு நான் இழுக்கிறேன். இழுக்கட்டுங்களா?"

ராஜா தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "மாசிலாமணி, இந்தக் கேள்வியை முதலில் அந்தப் பூதத்துக்குச் சொல்லிக்கொடுங்கள். இனி கயிற்று மந்திரி அஞ்சலைதான்."

"அப்போ நான், மகாராஜா?" என்றார் ராயர், பாசிக்குள்ளிருந்து.

"நீர் பரணுக்குப் போய் அந்த நானூறு ஓலையையும் படியும். பக்கத்தில் நாற்பது பேரை ரசம் கேட்க உட்கார வைக்கிறேன்."